ஓய்வுக்காலத்துக்கு ஸ்பெயினா, பனாமாவா?

கேள்வி: எங்களுக்குச் சொந்த ஊர் கண்டனூர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கிலாந்தில் இருக்கிறோம். இருவருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டையும் உண்டு. எனக்கு அரசு ஓய்வூதியம் வரத் தொடங்கிவிட்டது, நிறுவன ஓய்வூதியமும் ஓரளவு வருகிறது. அங்குள்ள குளிர் மனைவியின் மூட்டுவலிக்கு ஒத்துவரவில்லை. ஊருக்கே வந்துவிடலாம் என்றால் சித்திரை வெயில் எங்களை விரட்டுகிறது. ஸ்பெயின், பனாமா, கோஸ்ட்டா ரிக்கா, ஈக்வடார் என்று ஆளுக்கொரு நாட்டைச் சொல்கிறார்கள். செலவு குறைவாக வாழ எது ஏற்றது? ஊரில் பங்காளிகளோடு பொதுவாக உள்ள வளவு வீட்டுப் பங்கையும் காரைக்குடி வங்கியிலுள்ள வைப்புத்தொகையையும் என்ன செய்வது?

பதில்: வாடகையையும் காய்கறி விலையையும் ஒப்பிட்டு நாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் எங்கே ஆண்டுதோறும் உயரும், எங்கே உறைந்து நிற்கும் என்பதுதான் முதல் கணக்கு.

2016 ஏப்ரலில் புதிய அரசு ஓய்வூதியம் தொடங்கியபோது முழுத் தொகை வாரத்துக்கு 155.65 பவுண்டு. 2025-26இல் அது 230.25 பவுண்டு. ஸ்பெயினில் குடியிருப்பவருக்கு இந்த உயர்வு கிடைக்கும். பனாமாவிலோ கோஸ்ட்டா ரிக்காவிலோ ஈக்வடாரிலோ இருப்பவருக்குக் கிடைக்காது. 2016இல் முழுத் தொகையோடு அங்கே போனவர் 155.65 பவுண்டிலேயே நிற்கிறார். கண்டனூருக்குத் திரும்பினாலும் இதே கதைதான், இந்தியாவும் உறைந்துபோகும் பட்டியலில் இருக்கிறது.

அடுத்தது மருத்துவம். பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் பெறுபவர் எஸ்1 படிவம் வாங்கி ஸ்பெயினில் பதிந்துகொண்டால், அங்குள்ள அரசு மருத்துவ வசதி கிடைக்கும். செலவை பிரிட்டன் ஏற்கும். உங்களைச் சார்ந்தவர் என்ற முறையில் உங்கள் மனைவி ஆச்சியையும் அதில் சேர்க்க வழி உண்டு. மூட்டுவலிக்காக ஊர் மாறும் குடும்பத்துக்கு, வாடகையில் மிச்சமாகும் நூறு யூரோவைவிட இது பெரிது. பனாமாவில் இந்த ஏற்பாடு கிடையாது.

பனாமாவுக்கும் நியாயம் செய்யவேண்டும். ஆயுள் ஓய்வூதியம் மாதம் 1,000 டாலரும் துணைக்கு 250 டாலரும் காட்டினால் ஓய்வூதியர் விசா கிடைக்கும். வெளிநாட்டு ஓய்வூதியத்துக்கு வரி கிடையாது, புழங்குவதும் டாலர். நிறுவன ஓய்வூதியம் பெரிதாக இருப்பவருக்கு அது நல்ல இடம். ஈக்வடாரைச் சொன்ன நண்பர் வெப்ப மண்டலம் என்பதை மட்டும் பார்த்திருப்பார். கீட்டோ நகரம் சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் கொடைக்கானலைவிட மேலே. அங்கும் ஸ்வெட்டர்தான்.

ஆகவே என் ஓட்டு ஸ்பெயினுக்கு. ஆனால் உள்நாட்டுக்குப் போகாமல் அலிகாந்தே, மாலகா போன்ற கடலோரமாகப் பாருங்கள். மத்ரீத்தில் குளிர்காலம் கடுமை. கடலோரத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு: பழைய குடியிருப்புகள் பலவற்றில் வீடு முழுவதற்குமான வெப்ப வசதி இருக்காது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மே மாதம் வெறுங்காலோடு நடப்பது சுகம். ஜனவரியில் அலிகாந்தேயில் அதுபோன்ற தரை மூட்டுக்குப் பகை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் 180 நாட்களுக்குள் 90 நாள் விசா இல்லாமல் தங்கலாம். அதைக் கோடையில் உல்லாசப் பயணமாகச் செலவழிக்காமல், ஜனவரியில் வாடகை வீட்டில் இருந்து பாருங்கள்.

நிரந்தரமாகத் தங்க, வேலை செய்யாமல் வாழ்வோருக்கான விசா வேண்டும். மாதம் 2,400 யூரோ, துணைக்கு 600, ஆக தம்பதிக்கு 3,000 யூரோவுக்கு இணையான வருமானமோ சேமிப்போ காட்ட வேண்டும். வீடு வாங்கினால் விசா தரும் திட்டம் 2025 ஏப்ரல் 3ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதைச் சொல்லி வீடு விற்க வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வந்ததும் சொத்து வாங்குவதும் வேண்டாம். பர்மாவில் நம்மவர்களுக்குக் கடனுக்கு ஈடாக வந்த வயல்கள், நிலத்தை நாட்டுடைமையாக்கிய 1948 சட்டத்துக்குப் பிறகு என்னவாயின என்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பெயினின் முள் வரியில் இருக்கிறது. ஓர் ஆண்டில் 183 நாட்களுக்கு மேல் தங்கினால் உலகெங்கும் வரும் வருமானத்துக்கு அங்கே கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டு வருமானத்தைப் போட்டுவைக்கும் என்.ஆர்.இ. வைப்புத்தொகையின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஸ்பெயினில் உண்டு, முதல் 6,000 யூரோ வரை 19 சதவீதம். இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் என்.ஆர்.ஓ. கணக்கென்றால் இங்கே கட்டிய வரியை இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி அங்கே கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளோ சொத்தோ ஏதேனும் ஒரு வகையில் 50,000 யூரோவைத் தாண்டினால், 720ஆம் எண் படிவத்தை அடுத்த ஆண்டு மார்ச் 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும். வளவு வீட்டில் உங்கள் பங்கும் இந்தக் கணக்கில் வரக்கூடும். பங்காளிகளோடு பிரிக்காமல் கிடக்கும் வீடென்றால், பங்குள்ள குடும்பங்கள், அதாவது புள்ளிகள், எத்தனை, உங்களுக்கு எத்தனையில் ஒன்று என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். இரட்டைப் பூட்டுப் போட்ட அறை உங்களுடையது என்பது ஊருக்குத் தெரியும், ஸ்பெயின் வரி அதிகாரிக்குத் தெரியாது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளப் பவர் பத்திரம் எழுதுவதென்றால் ஊரில் இருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். வெளிநாட்டில் எழுதி அனுப்பினால், அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்டு அலைபவர்கள் நிறைய.

கடைசியாக, திருமணச் சான்று. பெரியவர்கள் கையெழுத்திட்ட இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் வீட்டில் பத்திரமாக இருக்கலாம். தூதரகத்தில் அது செல்லாது. பதிவுச் சான்று இல்லையென்றால் இந்து திருமணச் சட்டப்படி இப்போதும் பதிவு செய்யலாம். பிறகு சான்றை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும், வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை, அதன்பின் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் ஸ்பானிய மொழிபெயர்ப்பு. சான்றிலும் மொழிபெயர்ப்பிலும் ஆச்சியின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.