பிளாண்டில் இருப்பவர்களுக்கு என்ன தெரியும்? – கடிதம்

வணக்கம் சார்,

ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்சி. முடித்து, ஒரு ஸ்பெஷாலிட்டி கெமிக்கல்ஸ் கம்பெனியின் க்யூசி (தரக் கட்டுப்பாடு) லேபில் நான்கு வருடமாக இருக்கிறேன். சாம்பிள் வரும், அதில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஜிசி கருவியில் போடுவேன், பாஸ் அல்லது ஃபெயில் என்று எழுதுவேன். சலித்துவிட்டது. பிஎச்.டி. செய்யலாமா, டெக்னிக்கல் சேல்ஸுக்குப் போகலாமா? இப்போது புரொடக்‌ஷனுக்கு மாறச் சொல்கிறார்கள். அங்கே இருப்பவர்களுக்கு கெமிஸ்ட்ரியே தெரியாது. படித்ததெல்லாம் வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் சலிப்பு புரிகிறது. நானும் அந்த ஜிசி முன்னால் உட்கார்ந்து பீக் (ஒவ்வொரு பொருளுக்கும் வரைபடத்தில் எழும் முகடு) வரக் காத்திருந்தவன்தான். பிஎச்.டி.யா? ஆராய்ச்சி பிடித்திருந்தால் செய்யுங்கள், இந்த லேபிலிருந்து தப்பிக்க என்றால் வேண்டாம். சேல்ஸ், ஆட்களோடு பேசப் பிடித்தவர்களுக்கு நல்ல வேலை. சரி, அது போகட்டும்.

'அங்கே இருப்பவர்களுக்கு கெமிஸ்ட்ரியே தெரியாது.' இதை எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு லிட்டர் ஃபிளாஸ்கில் செய்ததை அதே வடிவத்தில் ஆயிரம் லிட்டர் ரியாக்டரில் செய்கிறீர்கள். கொள்ளளவு ஆயிரம் மடங்கு கூடுகிறது, சுவரின் பரப்பு நூறு மடங்குதான். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால், சூடு வெளியேற இருக்கும் சுவர் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஐஸ் பாத்தில் வைத்து ஒரு பொருளை அரை மணியில் சொட்டுச் சொட்டாக விட்டு முடித்ததை (இதுதான் அடிஷன்) அங்கே ஐந்தாறு மணி நேரம் விட வேண்டியிருக்கும். அத்தனை நேரமும் முதலில் உருவான பொருள் சும்மா கிடக்குமா?

நான் ஒரு இம்ப்யூரிட்டியை, அதாவது வேண்டாத கலப்பை, துரத்திக்கொண்டிருந்த காலம் உண்டு. சில பேட்சில் 0.2 சதவீதம், சிலவற்றில் 0.9. மூலப்பொருளை மாற்றினோம், கரைப்பானைச் சந்தேகப்பட்டோம். லேபில் எத்தனை முறை செய்தாலும் அது வரவே இல்லை. கடைசியில் சொன்னவர் ஷிஃப்ட் ஆபரேட்டர், பள்ளிக்கூடத்தைத் தாண்டாதவர். "பக்கத்து ரியாக்டர் ஓடுற அன்னிக்கு நமக்கு பிரைன் பத்தாது சார். அடிஷன் இழுத்துடும்." பிரைன் என்பது ரியாக்டரைக் குளிர்விக்கும் உப்புத் தண்ணீர். இரண்டு ரியாக்டருக்கும் அதைக் குளிரவைத்து அனுப்புவது ஒரே சில்லிங் பிளாண்ட். லாக் புத்தகத்தில் அடிஷன் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ரியாக்டரைச் சுற்றி இருக்கும் ஜாக்கெட்டின் வெப்பநிலை எல்லாம் அவர் கையெழுத்திலேயே இருந்தன. மாடியில் இருந்த ஒருவரும் அதைப் புரட்டியதில்லை. லேபில் அடிஷனை எட்டு மணி நேரம் இழுத்துச் செய்தேன். பீக் வந்துவிட்டது.

இவருக்குத் தெரிந்தது கெமிஸ்ட்ரி இல்லை என்றால் வேறு என்ன?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வெறி உண்டு. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் டி2 லேபரட்டரீஸ் என்று ஒரு சிறிய கம்பெனி, பெட்ரோலில் சேர்க்கும் மாங்கனீஸ் சேர்மம் ஒன்றைச் செய்துவந்தது. 2007 டிசம்பர் 19 அன்று, 175-வது பேட்சில், குளிர்விக்கும் தண்ணீர் கைவிட்டது. சூடு ஏறியது. ஒரு அளவுக்கு மேல் போனால் சோடியமும் கரைப்பானும் சேர்ந்து இன்னொரு உக்கிரமான வினையைத் தொடங்கும் என்பது அதை நடத்தியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. ரியாக்டர் வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய 174 பேட்சின் சாம்பிளும் உங்கள் மேஜைக்கு வந்திருந்தால் நீங்கள் பாஸ் என்றுதான் எழுதியிருப்பீர்கள். பாட்டிலில் வரும் சாம்பிள் சூட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது, தம்பி.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நான்கு வருடம் பொறுமையாக அளந்திருக்கிறீர்கள், அந்தக் கை நல்ல கை. புரொடக்‌ஷனுக்குப் போங்கள். நைட் ஷிஃப்டும் பாருங்கள். முதல் சில வாரம் யாருக்கும் எதுவும் சொல்லித்தராமல் பழைய லாக் புத்தகங்களைப் படியுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள், நீங்கள் தினமும் பாஸ் போடும் அந்தப் பொருளுக்கு அடிஷன் எத்தனை மணி நேரம் ஆகிறது என்று. இன்றைக்கு உங்களுக்கு அது தெரியாது, பந்தயம்.