குதிரையைத் திருப்பிக் கொடுத்தவரைத் தேடிப் பிடியுங்கள்

கேள்வி: காவேரிப்பட்டினம் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. ஓரத்தில் பழைய மாட்டுக்கொட்டகை. இப்போது அதில் ஒரு பசுவும் இரண்டு ஆடுகளும்தான். கைவிடப்பட்ட குதிரைகளை மீட்டுத் தேற்றி, வளர்க்க முன்வருபவர்களுக்குத் தரும் நிறுவனம் ஒன்று பெங்களூருக்கு அருகில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அங்கிருந்து ஒரு குதிரை எடுக்க ஆசை. 12 வயது மகன் ஏறிப் பழகவும் ஆகும். ஆனால் விசாரித்த இடத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஓசூரில் ஒருவர், "வீட்டுக்கு வந்து போலீஸ் மாதிரி துருவிவிட்டு, கடைசியில் கிடையாது என்று போய்விட்டார்கள்" என்கிறார். ராயக்கோட்டையில் ஒருவர் எடுத்த குதிரை ஒன்பதாம் நாள் செத்துப்போனது. நோய்க் குதிரையைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று இன்றும் திட்டுகிறார். பாலக்கோட்டில் ஒருவரோ, "தங்கமான மனிதர்கள், போன அன்றே வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள்" என்கிறார். பணமும் வாங்குகிறார்கள், பத்திரமும் எழுதி வாங்குகிறார்கள். குதிரை கடைசிவரை அவர்களுடையதுதானாம். யார் பேச்சை நம்புவது?
— வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: நீங்கள் கேட்ட மூன்று கதைகளில் எங்களைக் கவலைப்பட வைப்பது மூன்றாவதுதான். போன அன்றே குதிரையை ஏற்றி அனுப்பியதை நல்ல குணம் என்று பாலக்கோட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். வேலி எப்படி, தண்ணீர் எங்கே, தீனி என்ன, துணைக்கு வேறு கால்நடை உண்டா என்று எதையும் பார்க்காமல் அனுப்பியிருக்கிறார்கள் என்பதுதான் அதில் உள்ள செய்தி. அந்தியூர் குருநாதசாமி கோவில் ஆடிச் சந்தையில் குதிரை வாங்கினால், விற்றவர் உங்கள் கொட்டகையைப் பார்க்க வரமாட்டார், அது வியாபாரம். மீட்பு நிறுவனமும் அப்படியே நடந்துகொண்டால் அந்தக் குதிரை மீட்கப்படவில்லை, கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஓசூர்க்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் வேலி முள்கம்பியா? பெரும்பாலும் ஆமாம் என்பார். மாடு முள்கம்பியைக் கண்டால் நின்றுவிடும். குதிரை மிரண்டால் கண்மூடித்தனமாக ஓடும். கம்பியில் கால் சிக்கினால் நின்று விடுவிக்கப் பார்க்காது, இழுத்துக்கொண்டே போகும். தோல் உரிந்து தசைநார் அறுந்த கால் பழையபடி ஆவது அரிது. அதனால்தான் முள்கம்பித் தோட்டத்துக்குக் குதிரை தர மறுக்கிறார்கள். மறுத்தபோது காரணம் சொன்னார்களா, மாற்றினால் மறுபடி வருகிறோம் என்றார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காரணம் சொல்லாமல் போயிருந்தால் அது அவர்கள் பக்கத்துக் குறை.

ராயக்கோட்டைக் கதையில்தான் உண்மை இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்புண்டு. குதிரை வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்ததா, வந்ததும் என்ன போட்டார் என்று விசாரியுங்கள். மெலிந்த ஜீவனைக் கண்டதும் நம்மவர்களுக்கு மனசு தாங்காது. கொள்ளு வேகவைத்து, வெல்லம் கலந்து, தவிடு சேர்த்து வயிறு நிறையப் போடுவோம். அதுதான் கொல்லும். வாரக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பில் பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் வற்றிப்போயிருக்கும். மாவும் சர்க்கரையும் உள்ளே போனதும் இன்சுலின் எகிறி, ரத்தத்தில் மிஞ்சியிருக்கும் கொஞ்சத்தையும் செல்களுக்குள் இழுத்துவிடும். இதயமும் மூச்சும் தடுமாறும். மூன்று முதல் ஐந்து நாளில் முடிந்துவிடும். சில குதிரைகள் பத்து நாள் வரை தாக்குப்பிடிக்கும்.

சரியான முறை வேறு. பெரிய ஜாதிக் குதிரைக்குக் காய்ந்த குதிரைமசால் (லூசர்ன் என்னும் தீவனப்பயிர்) அரை கிலோ, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் விடாமல், முதல் மூன்று நாள். நம் பக்கத்து 300 கிலோ குதிரைக்கு ஒரு வேளைக்கு 300 கிராம் போதும். நான்காம் நாளிலிருந்து அளவைக் கூட்டி வேளையைக் குறைத்து, பத்தாம் நாள் அளவில் தின்னும் மட்டும் தின்னவிடலாம். அதுவரை தானியம் ஒரு கைப்பிடிகூடக் கூடாது. உடம்பு பழைய எடைக்கு வர மூன்று முதல் ஐந்து மாதம் ஆகும். இந்த வேலையை முடித்துவிட்டுத் தருவதுதான் நிறுவனத்தின் கடமை. விலா எலும்பை எண்ணும்படியான குதிரையை யாருக்காவது கொடுத்திருந்தால், அவர் என்ன தீனி போட்டிருந்தாலும் முதல் தவறு கொடுத்தவர்களுடையது.

இன்னொன்று, இந்த மூன்றும் எந்தெந்த வருடம் நடந்தன? முதலில் போன அன்றே கொடுத்து, பிறகு ஒரு குதிரை செத்து, அதன்பின் வீடு வந்து பார்க்க ஆரம்பித்திருந்தால் பாடம் படித்தவர்கள். வரிசை தலைகீழாக இருந்தால் பொறுப்பு தளர்ந்துவருகிறது என்று பொருள். தேதி தெரியாமல் கதையை மட்டும் கேட்டால் இது புலப்படாது.

அதைவிட முக்கியமானது, குதிரையை எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவர் ஒருவரைத் தேடிப் பிடிப்பது. நிறுவனத்திடமே கேளுங்கள், நேர்மையானவர்கள் அவரிடம் கேட்டுக்கொண்டு எண் தருவார்கள். வேலை மாற்றமோ உடம்பு சுகமின்மையோ வந்து, "வைத்துக்கொள்ள முடியவில்லை" என்று சொன்ன அன்று என்ன நடந்தது? வண்டி எத்தனை நாளில் வந்தது? திட்டினார்களா, சாக்குச் சொன்னார்களா, போனையே எடுக்கவில்லையா? புதிதாக எடுத்தவர்கள் எல்லோரும் முதல் மாதம் புகழத்தான் செய்வார்கள். குதிரை 25, 30 வருடம் வாழும். ஆகவே எடுத்து ஒரு வருடம் தாண்டிய இரண்டு பேரோடும், திருப்பிக் கொடுத்த ஒருவரோடும் பேசினால் போதும். அவர்கள் பேச்சில் மனிதர்களைப் பற்றிய குறையைக் கொஞ்சம் தள்ளிவைத்து, குதிரை எப்படி இருந்தது என்பதைப் பிரித்துக் கேளுங்கள்.

பணம் வாங்குவதில் தவறில்லை, ரசீது தரவேண்டும். குதிரை அவர்கள் பெயரிலேயே இருப்பதும் நல்லதற்கே. இல்லாவிட்டால் எடுத்தவர் கஷ்டம் வந்ததும் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம், ஜட்கா ரேஸ்காரருக்கு விற்கலாம். பத்திரத்தில் நீங்கள் பார்க்கவேண்டியது ஐந்து விஷயம்: எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்ற வரி உண்டா, பெரிய வைத்தியச் செலவு யாருடையது, மீளாத வேதனையில் கிடந்தால் கருணைக்கொலைக்கு யார் சம்மதம் தரவேண்டும், நள்ளிரவில் யாரை அழைப்பது, அவர்கள் சொல்லாமல் வந்து பார்க்கலாமா. இதோடு, கொடுமை வழக்கில் பிடிபட்ட குதிரையா என்று கேளுங்கள். 2017-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்பு விதிகளின்படி, வழக்கு நடக்கும் வரை அந்தக் குதிரை அவர்களின் காவலில்தான் இருக்கிறது. தீர்ப்பு பழைய உரிமையாளர் பக்கம் போனால் திரும்பிப் போகவும் கூடும். உங்கள் மகன் பெயர் வைத்துப் பழகியபின் அது நடப்பது கொடுமை.

காகிதங்களில் கறாராக இருங்கள். குதிரைகளுக்கு வரும் கொடிய தொற்றுநோயான கிளாண்டர்ஸுக்குப் பரிசோதனை செய்த முடிவு இல்லாமல் எந்தக் குதிரையும் உங்கள் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. அது மனிதருக்கும் தொற்றும். குதிரைக்கு உறுதியானால் சட்டப்படி அதை வலியின்றிக் கொல்வது தவிர வழியில்லை. ரத்த மாதிரியை ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பி உறுதி செய்வார்கள். டெட்டனஸ் ஊசி போட்ட தேதி கட்டாயம், ஏனென்றால் ஒரு துருப்பிடித்த ஆணி போதும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி, குடற்புழு மருந்து, பல் ராவிய தேதி, கடைசியாகக் குளம்பு வெட்டிய தேதி எல்லாம் ஒரே ஏட்டில் இருக்கவேண்டும். மாநில எல்லை தாண்டி ஜூஜூவாடி வழியாக வருவதால் பயணத்துக்குத் தகுதியானது என்ற கால்நடை மருத்துவர் சான்றும் வண்டியில் இருக்கட்டும்.

நேரில் போகும்போது உங்களுக்கென்று நிறுத்தி வைத்திருக்கும் குதிரையை மட்டும் பார்க்காதீர்கள். தீனி நேரத்தில் போய் மந்தை முழுவதையும் பாருங்கள். மூலையில் நிற்கும் கிழக்குதிரையின் குளம்பு நீண்டு மேல்நோக்கி வளைந்திருந்தால், அந்த இடத்தின் நிலவரம் அதுதான். தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டுப் பாருங்கள். பாசி வழுக்கக் கூடாது. உங்கள் குதிரை ஓய்வாக நிற்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. நெஞ்சுச் சுற்றளவை சென்டிமீட்டரில் அளந்து அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்தொடை முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 150, நீளம் 140 என்றால் ஏறக்குறைய 265 கிலோ. சுழி பார்க்கும் உறவினரைக் கூட்டிப் போகவேண்டாம். சுழியைச் சொல்லி நல்ல குணமுள்ள குதிரையை ஒதுக்கிவிட்டுப் போனவர்கள் ஏராளம்.

மகன் ஏறிப் பழகுவது பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். மீட்கப்பட்ட குதிரைகளில் பல, கால் போனதால் கைவிடப்பட்டவை. தார்ச்சாலையில் ஓடித் தேய்ந்த மூட்டும் பந்தயத்தில் கிழிந்த தசைநாரும் வெளியே தெரியாது. ஏறலாம் என்றால் எழுத்தில் வாங்குங்கள்; அப்போதும் ஏறுபவரின் எடை சேணத்தோடு சேர்த்துக் குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 265 கிலோவுக்கு 53 கிலோ. பையன் இன்னும் இரண்டு வருடத்தில் அதைத் தாண்டிவிடுவான். சவாரிதான் முதல் நோக்கமென்றால் இந்தக் குதிரை வேண்டாம். தேய்த்துவிட, தீனி வைக்க, கயிறு பிடித்து நடத்திப் போக அவனுக்குச் சம்மதமா என்று முதலில் கேளுங்கள்.

இனி உங்கள் தோப்பு. மாட்டுக்கு ஆகும் தீனியெல்லாம் குதிரைக்கு ஆகாது என்பதில்தான் நம் மாவட்டத்தில் அதிகம் தவறு நடக்கிறது. பசுவுக்குக் கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் போடுவீர்கள். அந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதையே தினமும் தின்றால் சில மாதத்தில் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கி, முகம் வீங்கி, இன்று இந்தக் கால் நாளை அந்தக் கால் என்று நொண்டும். கொழுக்கட்டைப் புல்லும் இதே சங்கதி. தவிடு அதிகமானால் பாஸ்பரஸ் கூடி இன்னும் மோசம். அருகம்புல் நல்லது. குதிரைமசால் சேர்த்தால் சுண்ணாம்பு ஈடாகும். பச்சைச் சோளத்தட்டு வேண்டவே வேண்டாம். மாட்டைப்போல் உடனே விழாது, மெதுவாகப் பின்னங்கால் தளர்ந்து, சிறுநீர் சொட்டத் தொடங்கும். ராகித்தாள் கொஞ்சம் போடலாம்; பல் தேய்ந்த குதிரைக்கு அதுவே முழுத்தீனியானால் குடலில் கட்டியாக அடைக்கும். கோழித்தீவனத்தில் கலக்கும் மொனென்சின் குதிரையின் இதயத் தசையை அழிக்கும். அதனால் கோழித்தீவனம் வைக்கும் இடத்தைப் பூட்டி வையுங்கள்; மாட்டுத்தீவன மூட்டையிலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வேலியோர அரளியும் ஆமணக்கும் வெட்டப்பட வேண்டியவை.

அளவு சொன்னால், 300 கிலோ குதிரைக்கு நாளுக்கு 6 கிலோ காய்ந்த தீனி, வருடத்துக்கு இரண்டு டன்னுக்கு மேல். பசும்புல்லாக என்றால் அதைப்போல் நான்கு மடங்கு. தண்ணீர் 25 லிட்டர், சித்திரை வெயிலில் 40 வரை. குளம்பை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை வெட்டவேண்டும். உழவு மாட்டுக்கு லாடம் அடிப்பவர் திறமையானவராகவே இருந்தாலும் பிளவுபட்ட குளம்புக்குப் பழகிய கை அது. நிறுவனத்தின் ஆளை அனுப்பச் சொல்லிப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் அரசுக் கால்நடை மருத்துவரை முன்கூட்டியே பார்த்து, குதிரை பார்ப்பாரா என்று கேட்டுவிடுங்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயிற்றுவலி வந்து உருண்டால் மணிக்கணக்காகக் காத்திருக்க நேரம் கிடையாது. அன்று கால்நடை அவசர உதவி எண் 1962-ஐ அழைப்பதற்கு முன்பே யார் வருவார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரியில் கல்தூணுக்குப் பஞ்சமில்லை. கல் நட்டு, நாலரை அடி உயரத்துக்குத் தைலமரக் கழி மூன்று வரிசை கட்டி, தோப்பில் அரை ஏக்கரைத் தனியாகப் பிரியுங்கள். கொட்டகையில் 12-க்கு 12 அடி இடம் ஒதுக்குங்கள். குதிரை தனியாக இருந்தால் ஏங்கிப்போகும். உங்கள் ஆடுகள் துணைக்கு ஆகும். நிறுவனத்தார் ஜோடியாகத்தான் தருவோம் என்றால் கோபிக்காதீர்கள், அதுவும் குதிரைக்காகத்தான்.

மாம்பழக் காலத்தில் மட்டும் எடுத்துவராதீர்கள். உதிர்ந்த பழத்தைக் கூடை கூடையாகத் தின்றுவிட்டு வயிறு உப்பும், குளம்பில் அழற்சி வரும், கொட்டை தொண்டையில் சிக்கும். அறுவடை முடிந்து தரை சுத்தமாகட்டும். ஆடியில் கால் ஏக்கர் குதிரைமசால் விதையுங்கள். முதல் அறுப்புக்கு இரண்டரை மாதம் ஆகும். ஐப்பசிக்குள் கழிவேலியும் முடிந்துவிடும். அப்போது அவர்களை அழைத்து, வந்து பார்த்துத் துருவச் சொல்லுங்கள்.