மூத்தவரைத் தாண்டிப் போன பட்டம்

கேள்வி: என் கணவர் ஸ்காட்லாந்துக்காரர். அவருடைய முன்னோர் ஒருவர் பிரபுவின் மூத்த மகனாம். அவரை ஒதுக்கிவிட்டு இளையவருக்குப் பட்டத்தைக் கொடுத்துவிட்டார்களாம். நடந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இப்போது உரிமை கோரப் போகிறேன் என்று, வீடு வாங்கச் சேர்த்த பணத்தை வம்சாவளி ஆய்வாளருக்கும் வக்கீலுக்கும் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். தடுப்பதா, விடுவதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டண்டீ

பதில்: சகோதரி, கணவருக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று பயப்படாதீர்கள். காலம் கடந்ததால் மட்டும் அங்கே பட்ட உரிமை செத்துப்போவதில்லை. ஆனால் அடுத்த தவணைப் பணம் கைமாறுவதற்குள் அவரிடம் ஒன்று கேளுங்கள்: மூத்தவரை எந்தச் சாசனத்தை வைத்து ஒதுக்கினார்கள்?

1707-இல் இங்கிலாந்தோடு இணையும் வரை, ஸ்காட்லாந்துப் பிரபு தம் பட்டத்தை அரசரிடம் ஒப்படைத்து, தாம் விரும்பும் வாரிசு வரிசையோடு புதிய சாசனமாகத் திரும்பப் பெற வழி இருந்தது. உங்கள் மூத்தவர் அப்படித் தாண்டப்பட்டிருந்தால் அநியாயமோ என்னவோ, சட்டப்படி அது செல்லும்.

ஸ்காட்லாந்தின் கிராஃபோர்டு பிரபுப் பட்டத்தைப் பாருங்கள். எட்டாவது பிரபுவின் மகன் அலெக்சாண்டர், பெற்ற தகப்பனையே பிடித்து அடைத்து வைத்தவன். கடைசியில் உங்கள் டண்டீயில்தான், குடிச் சண்டையில் செருப்புத் தைக்கும் ஒருவர் கையால் செத்தான் என்பார்கள். கிழவர் பேரனையும் சேர்த்து ஒதுக்கி, குடும்பத்தின் எட்ஸல் என்ற கிளையைச் சேர்ந்த உறவினருக்குப் பட்டத்தை எழுதிவைத்தார். 1542-இல் பிரபுவான அந்த உறவினருக்குச் சொந்த மகன்கள் இருந்தார்கள். ஆனாலும் தமக்குப் பின் அந்தப் பேரனுக்கே பட்டம் போகும்படி ஏற்பாடு செய்துவிட்டு 1558-இல் கண்ணை மூடினார். பங்காளிச் சண்டைக் கடிதங்களாகவே வந்து குவியும் இந்தப் பகுதியில் இப்படி ஒருவரைப் பற்றி எழுதக் கிடைத்ததே எனக்குச் சந்தோஷம்.

அந்த நன்றி நெடுநாள் நிற்கவில்லை. 1642-இல் லுடோவிக் என்ற பிரபு எட்ஸல் கிளையைத் தாண்டி, தூரத்து உறவான லிண்ட்சே பிரபுவுக்குப் பட்டம் போகும்படி புதுச் சாசனம் வாங்கினார். லிண்ட்சேயின் ஆண் வழி அற்றுப்போனால் லுடோவிக்கின் ஆண் வழி உறவினருக்கே பட்டம் திரும்பும் என்றும் அதில் எழுதியிருந்தது. 1808-இல் அற்றுப்போனது. உடனே அயர்லாந்திலிருந்து ஒருவர் கடிதங்களில் கைவைத்துப் போலி ஆதாரம் தயாரித்துக்கொண்டு வந்து, 1812-இல் நாடுகடத்தல் தண்டனை பெற்றார். எட்ஸலிலிருந்து பிரிந்த பால்கரஸ் குடும்பத்தின் உரிமையைப் பிரபுக்கள் சபை ஏற்றபோது ஆண்டு 1848. (இந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர்தான் 1780-இல் நம் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர்ப் போரில் பிடிபட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்தார்.) தாண்டிய சாசனமே திருப்பியும் கொடுத்தது. பால்கரஸார் ஜெயித்தது 'நாங்கள் பாவம்' என்று சொல்லி அல்ல.

உங்கள் வீட்டுக் கதையில் சாசனம் எதுவும் இல்லாமல், மூத்தவர் செத்துவிட்டார் என்றோ, முறையான மனைவிக்குப் பிறக்காதவர் என்றோ தவறாக நம்பி இளையவருக்குக் கொடுத்திருந்தால் வழக்குக்கு உயிர் உண்டு. அப்போதும் ஒவ்வொரு தலைமுறையின் பிறப்பு, திருமணம், இறப்பை நிரூபிக்க வேண்டும். உங்களவருக்கு மூத்த கிளைகள் எல்லாம் அற்றுப்போயின என்றும் காட்ட வேண்டும். பணத்தைத் தின்பது இந்த இரண்டாவது வேலைதான். மரபணுச் சோதனையும் இப்போது ஆதாரமாகிறது. 2016-இல் ஸ்டிச்சில் பேரனெட் (பிரபுவுக்குக் கீழான பரம்பரைப் பட்டம்) வழக்கில், பிரிட்டனின் உயர் நீதி அமைப்பான பிரிவி கவுன்சில் அதை ஏற்றது. அது உங்களவருக்கு எதிராகவும் பேசலாம்.

இத்தனைக்கும் பிறகு கையில் வருவது பட்டம் மட்டும்தான். நிலம் அதோடு வராது. பரம்பரைப் பட்டத்தால் தானாகக் கிடைத்துவந்த நாடாளுமன்ற இருக்கையும் 1999-இல் போய்விட்டது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். வீட்டுப் பணத்தை உங்கள் இருவர் கையெழுத்தும் இல்லாமல் எடுக்க முடியாத கணக்குக்கு மாற்றுங்கள். பிறகு ஒருநாள் இருவரும் எடின்பரோவுக்கு ரயிலேறி, தேசிய ஆவணக் காப்பகத்தில் அரச முத்திரைச் சாசனங்களின் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். பழைய சாசனங்கள் லத்தீனில் இருக்கும். படித்துச் சொல்ல ஆள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆகும் செலவைத் தாராளமாகக் கொடுக்கலாம். வக்கீல் அதுவரை காத்திருக்கட்டும்.