கடைசிப் பக்கத்தில் தேடாதீர்கள்

கேள்வி: ஆங்கில இலக்கியம் முதுகலை படிக்கிறேன். காஃப்காவின் ‘தி காஸில்’ நாவல் மதத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்பது என் ஆய்வேடு. நாவலோ ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே அறுந்துபோகிறது. கடைசிப் பக்கத்தை எத்தனை முறை படித்தும் முடிவுரை எழுத வரவில்லை. வீட்டிலும் நிம்மதியில்லை. மூட்டுவலிக்கார அப்பா தீர்த்தமலைக்குத் துணைக்குக் கூப்பிட்டார். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கையில்லை என்று தனியாக அனுப்பிவிட்டேன். முடிவுரைக்கு வழி சொல்லுங்கள்.
– வாசகர், அரூர்

பதில்: தம்பி, கடைசிப் பக்கத்தை மூடி வையுங்கள். காஃப்கா 1922-இல் அந்த நாவலைக் கைவிட்டார், 1924-இல் காசநோயில் இறந்தார். எழுதியதையெல்லாம் எரித்துவிடச் சொல்லியிருந்தும் நண்பர் மாக்ஸ் பிராட் 1926-இல் அதை அச்சேற்றினார். நாவலில் ஊரை ஆளும் அந்தக் கோட்டை (காஸில்) என்பது கடவுளின் அருள் என்று விளக்கம் சொன்னவரும் அவர்தான். கைவிட்ட இடத்தை ஆசிரியரின் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டால் ஆய்வேடு நிற்காது.

என்னை உறுத்துவது வேறு. ‘தனியாக அனுப்பிவிட்டேன்.’ எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! அந்த மலை ஏற்றத்தை அரூர்க்காரருக்கு நான் விவரிக்க வேண்டுமா? பிடித்துக்கொள்ள ஒரு தோள் கேட்டவரிடம் நம்பிக்கையைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள். பெற்றவருக்குச் சொல்லும் பதிலா அது?

நாவலில் அமாலியா என்ற ஊர்ப்பெண் வருகிறாளே, அவளுடைய குடும்பக் கதையை நீங்கள் கவனித்துப் படிக்கவில்லை என்று இதிலேயே தெரிகிறது. கோட்டை அதிகாரி சோர்ட்டினி அனுப்பிய ஆபாசக் கடிதத்தை அவள் கிழித்தெறிகிறாள். கோட்டை தண்டனை எதுவும் விதிக்கவில்லை. ஊர்தான் அந்தக் குடும்பத்தை ஒதுக்கிவைக்கிறது. அவளுடைய அப்பா மன்னிப்புக் கேட்டு அலைகிறார். எந்தக் குற்றத்துக்கு மன்னிப்பு என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில், அதிகாரிகளின் வண்டி போகும் வழியில் போய் உட்கார்ந்துவிடுகிறார். அவருடைய மனைவியும் துணைக்குப் போகிறாள். சுற்றிலும் பனி. குறுகலான இருக்கையில், ஒரு மெல்லிய போர்வைக்குள், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி இரண்டு கிழங்கள்.

உங்கள் ஆய்வேடு அங்கே இருக்கிறது. மேலிடம் வாய் திறக்கவேயில்லை; அதன் பெயரால் தண்டிப்பது ஊர். கோட்டைதான் அருள் என்றால் சோர்ட்டினியின் கடிதத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பிராடோடு அந்த இடத்தில் வாதாடுங்கள், முடிவுரை தானாக வரும்.

ஆனால் அதற்கு முன்னால் அப்பாவிடம் போய், அடுத்து எப்போது மலைக்குப் போகிறார் என்று கேளுங்கள். சந்நிதியில் கும்பிடுவதும் கும்பிடாமல் நிற்பதும் உங்கள் விருப்பம். ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் கை உங்கள் கையில் இருக்க வேண்டும். அதனால் ஆய்வேடு ஒரு நாள் தள்ளிப்போனால் நெறியாளரிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.