கேள்வி - பதில்: "ஒரு மாப் குறையுதுங்க, டாக்டர்"

கே: நர்சிங் முடித்து ஆபரேஷன் தியேட்டரில் சேர்ந்திருக்கிறேன். கருவிகள் எல்லாம் பழகிவிட்டன. ஆனால் வயிற்றை மூடும் நேரத்தில் மாப் (ரத்தத்தை ஒற்றியெடுக்கும் துணி) கணக்கு இடித்தால், அவசரத்தில் இருக்கும் பெரிய டாக்டரிடம் எப்படிச் சொல்வது? (வாசகி, பெருந்துறை)

ப: உடனே சொல்லுங்கள், சத்தமாக, எண்ணோடு. "கவுண்ட் சரியா வரலைங்க" என்று முணுமுணுத்தால், ரத்தத்தை உறிஞ்சும் சக்‌ஷன் இரைச்சலில் அமுங்கிப்போகும். "டாக்டர், 10 மாப் கொடுத்தோம், 9தான் இருக்குதுங்க. தையலை நிறுத்துங்க" என்றால் மரியாதையும் குறையாது, விஷயமும் மழுங்காது. பதில் வராவிட்டால் மறுபடி சொல்லுங்கள். மயக்க மருந்து டாக்டருக்கும் கேட்கட்டும்.

டாக்டர் உள்ளே தேடும்போதே சர்க்குலேட்டிங் நர்ஸ் (மேசைக்கு வெளியே நின்று பொருள் எடுத்துத் தருபவர்) தரை, வாளி, துணி மடிப்பு, குப்பைப் பை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கணக்கு முடியும்வரை எந்தப் பையும் தியேட்டரை விட்டு வெளியே போகக் கூடாது என்பது இதற்காகத்தான். அப்போதும் கிடைக்காவிட்டால் நோயாளி மேசையில் இருக்கும்போதே எக்ஸ்ரே. மாப்பில் இருக்கும் பட்டை அதில் தெரியும். பட்டை இல்லாத காஸ் துணியை வயிற்றுக்குள் விடவே கூடாது. மாப்பை வெட்டிப் பயன்படுத்துவதும் கூடாது. நடந்ததைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள்.

கணக்கு தவறுவது பெரும்பாலும் எண்ணும் விதத்தால். ஒருவர் மட்டும் எண்ணுவது, நனைந்த இரண்டு மாப் ஒட்டிக்கொள்வது, நடுவில் போன் வருவது, ஷிஃப்ட் மாறுவது. இருவர் சேர்ந்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, வாய்விட்டு எண்ணுங்கள். இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் அந்தப் பொருளை முதலிலிருந்து எண்ணுங்கள். 5 மாப் இருக்க வேண்டிய ஒரு கட்டில் 4தான் இருந்தால், ஆபரேஷன் தொடங்கும் முன்பே அந்தக் கட்டை முழுசாக ஒதுக்கிவிடுங்கள். தொடங்கும் முன், வயிற்றை மூடும் முன், தோல் தைக்கும்போது எண்ண வேண்டும். சிசேரியனில் கர்ப்பப்பையை மூடும் முன்பும் ஒரு முறை. நடுவில் புதிதாகக் கொடுத்ததை அப்போதே போர்டில் ஏற்றுங்கள். "அப்புறம் எழுதிக்கலாம்" என்று விட்ட மாப்தான் பின்னால் கழுத்தைப் பிடிக்கும்.

கே: டாக்டர் கேட்கும் முன்பே கருவியை எடுத்துக் கொடுக்க எப்படிப் பழகுவது? (வாசகர், பொள்ளாச்சி)

ப: கண் ட்ராலியில் இல்லாமல், ஆபரேஷன் நடக்கும் இடத்தில் இருக்க வேண்டும். அதற்கு ட்ராலியில் ஒவ்வொன்றும் தினமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். காலையில் லிஸ்ட் வந்ததுமே அடுத்த கட்டம் என்ன, ரத்தம் கசிந்தால் என்ன வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காதில் சரியாக விழாவிட்டால் ஊகிக்காதீர்கள், திருப்பிக் கேளுங்கள். பிளேடையும் ஊசியையும் கைக்குக் கை கொடுக்காமல், "பிளேடு" என்று சொல்லி கிட்னி ட்ரேயில் வையுங்கள். இந்தத் திறன்களை ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் 'ஸ்பிளிண்ட்ஸ்' என்ற பெயரில் மூன்றாகத் தொகுத்திருக்கிறார்கள்: சூழலைக் கவனிப்பது, பேசிச் சேர்ந்து வேலை செய்வது, வேலையை ஒழுங்குபடுத்துவது.

கே: ஆபரேஷன் பாதுகாப்பு செக்லிஸ்ட் வெறும் காகித வேலைதானே? (வாசகி, தாராபுரம்)

ப: இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அந்தப் பட்டியலில் 19 அம்சங்கள். டெல்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்தியபின் ஆபரேஷன் நோயாளிகளின் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009இல் ஆய்வு வெளியானது. முன்கூட்டியே டிக் அடித்து வைத்தால்தான் அது வெறும் காகிதம். கத்தி வைக்கும் முன் எல்லோரும் கையை நிறுத்தட்டும். பெயர், ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று நீங்கள் உரக்கப் படியுங்கள். முடிந்ததும் சாம்பிள் பாட்டிலின் லேபிளையும் நோயாளி பெயரோடு அப்படியே படித்துச் சரிபாருங்கள்.