12 நாள் இடைவெளிக்கு ஒரு கன்டெய்னர்: கட்டுப்படியாகுமா?

கேள்வி: நாங்கள் நான்கு பேர். 9 வருடம் தனி வீட்டில் வாடகைக்கு இருந்துவிட்டு, இப்போது ஓர் அபார்ட்மென்ட்டின் 3-வது மாடிக்குக் குடிபோகிறோம். பழைய வீட்டை மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். புது வீட்டுச் சாவி அதற்கு 12 நாள் கழித்துத்தான் கிடைக்கும். அதுவரை நாங்கள் உறவினர் வீட்டில் தங்கிக்கொள்வோம், சாமானை எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். வாசலிலேயே ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நாமே சாமானை ஏற்றியதும் எடுத்துப்போய்க் கிடங்கில் வைத்திருந்து, சொல்லும் நாளில் புது வீட்டில் இறக்கித் தரும் கன்டெய்னர் சேவையில் விலை கேட்டோம். எல்லா வேலையையும் தாங்களே செய்யும் மூவர்ஸ் கேட்டதில் பாதிதான் வருகிறது. இன்றே முன்பணம் கட்டிவிடலாம் என்கிறார் என் கணவர். ஆனால் கையில் இருப்பது அவசரத்துக்கென்று சேர்த்த பணம் மட்டும்தான். பழைய வீட்டு டெபாசிட் இன்னும் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முன்பணத்தை இரண்டு நாள் நிறுத்தி வையுங்கள். கன்டெய்னரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு வீட்டுத் தேதிகளும் ஒட்டாமல் போகிற உங்களைப் போன்றவர்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்ட விலையில் அபார்ட்மென்ட் பக்கத்துச் செலவு எதுவும் இருக்காது. அதையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் பாதி விலையா, முக்கால் விலையா என்று தெரியும்.

கன்டெய்னர் கணக்குக்கு முன்னால் இரண்டு போன் செய்யுங்கள். பழைய வீட்டுக்காரரிடம் இன்னும் 12 நாள் இருக்கலாமா என்று கேளுங்கள். அதற்கான வாடகை ஒரு மாத வாடகையில் 40 சதவீதம். அடுத்து, புது வீட்டுக்காரரிடம் நீங்கள் குடிவராவிட்டாலும் ஒரே ஓர் அறையில் சாமானை வைத்துக்கொள்ள முன்னதாகச் சாவி தர முடியுமா என்று கேளுங்கள். இருவரில் ஒருவர் சரி என்றாலும் உங்களுக்குக் கிடங்கே தேவையில்லை. ஒரே நாளில் ஏற்றி இறக்கும் சாதாரண லாரி போதும். பழைய வீட்டிலேயே இருக்க முடிந்தால் உறவினர் வீட்டில் தங்கும் சங்கடமும் இல்லை. பலரும் இதைக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை, நீங்கள் வாடகை தருவதாகச் சொல்லித்தானே கேட்கிறீர்கள். அந்த 40 சதவீதத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இனி வரும் எந்த விலையையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இருவருமே முடியாது என்றால் கன்டெய்னருக்கு வருவோம்.

இந்தச் சேவையைப் பரவலாக்கிய பாட்ஸ் நிறுவனம் 1998-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தொடங்கியது. சொந்தமாக முன்வாசலும், கார் நிறுத்தச் சொந்த இடமும் உள்ள தனி வீடுகளை நினைத்து உருவான ஏற்பாடு இது. பெட்டி வாசலை ஒட்டி நிற்கும், நிதானமாக ஒரு வாரம் ஏற்றலாம், இறக்கலாம். இதில் மிச்சமாகும் பணமெல்லாம் அந்த நிதானத்தில் இருந்துதான் வருகிறது. உங்கள் பழைய வீட்டில் அது உங்களுக்குக் கிடைக்கும். புது வீட்டில் கிடைக்காது. அங்கே பெட்டி நிற்கப்போகும் தரை உங்களுடையது இல்லை.

ஆகவே இன்றைக்கே அபார்ட்மென்ட் நிர்வாகத்துக்கு எழுதிக் கேளுங்கள். கன்டெய்னர் வளாகத்துக்குள் வரலாமா, எந்த இடத்தில், எத்தனை மணி நேரம் அல்லது எத்தனை நாள் நிற்கலாம், லிஃப்ட்டைத் தனியாக ஒதுக்கித் தருவார்களா, அதற்கு டெபாசிட் உண்டா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். நான் இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் நான் வீடு மாறியபோது "அதெல்லாம் ஒன்றும் பிரச்சினை இல்லை" என்று வாய்வார்த்தையாக அனுமதி கிடைத்தது, அதை நம்பிக் கன்டெய்னரை உள்ளே கொண்டுவந்தேன். மூன்றாவது நாள், தீயணைப்பு வண்டி வரும் வழியை மறைக்கிறது, அன்று மாலைக்குள் எடுக்க வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். பாதிச் சாமானோடு பெட்டியைத் திருப்பி அனுப்பி, மறுபடி வரவழைத்தேன். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு போக்குவரத்துக் கட்டணம். எனக்கு மிச்சமாகும் என்று போட்டிருந்த தொகை அத்தனையும் அதில் போயிற்று.

இடத்தை அளக்கும்போது பெட்டியை மட்டும் அளக்காதீர்கள். இவை பெரும்பாலும் 8, 12, 16 அடி நீளங்களில் வருகின்றன. அகலமும் உயரமும் ஏறக்குறைய 8 அடி. 16 அடிப் பெட்டி ஒரு கார் நிற்கும் இடத்தைக் கிட்டத்தட்ட முழுதாக எடுத்துக்கொள்ளும். ஆனால் அதை இறக்கும் லாரிக்கு முன்னால் இன்னும் நீளமான நேர் இடம் வேண்டும், தலைக்கு மேல் கம்பியோ கிளையோ இருக்கக் கூடாது. தரைக்குக் கீழே உள்ள பார்க்கிங்கில் கூரை உயரம் பெரும்பாலும் 7, 8 அடிதான் என்பதால் லாரியே நுழைய முடியாது. வெளியே தெருவில் நிறுத்தலாம் என்றால் உள்ளாட்சி அனுமதி வேண்டியிருக்கும், அதற்குச் சில நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி இல்லாமல் நிறுத்தினால் அபராதம் உங்கள் தலையில்தான் விழும், நிறுவனம் கட்டாது.

நாள் கணக்கில் நிறுத்த முடியாது என்று நிர்வாகம் சொன்னாலும் வழி அடைந்துவிடாது. காலையில் பெட்டியைக் கொண்டுவந்து அன்று மாலையே எடுத்துப்போகும் சேவை சில நிறுவனங்களில் உண்டு. கிடங்கிலேயே பெட்டியைத் திறந்து சின்ன லாரிக்குச் சாமானை மாற்றிக்கொள்ள விடுபவர்களும் இருக்கிறார்கள். அபார்ட்மென்ட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்த இரண்டாவது வழி பல நேரம் சுலபம். அதில் ஒரு லாரி வாடகையும் ஒரு தடவைக் கூலியும் கூடும் என்பதை மட்டும் கணக்கில் சேருங்கள்.

அப்புறம் 3-வது மாடி. உங்களிடம் 80 அட்டைப்பெட்டி இருக்கிறது என்று வையுங்கள். லிஃப்ட்டில் ஒரு நடைக்கு 4 பெட்டி என்றால் 20 நடை. கன்டெய்னரில் இருந்து எடுத்து, நடந்து, ஏறி, வைத்துவிட்டுத் திரும்ப 6 நிமிடம் என்றாலும் அட்டைப்பெட்டிகளுக்கு மட்டும் 2 மணி நேரம். கட்டில், அலமாரி, ஃபிரிட்ஜ் எல்லாம் அதற்கு மேல். லிஃப்ட்டை உங்களுக்கு ஒதுக்கும் நேரம் 3 மணி நேரம் என்றால் வீட்டு ஆட்களை வைத்துக்கொண்டு முடிக்க முடியாது, கூலிக்கு ஆள் வைத்தே ஆக வேண்டும். மூவர்ஸ் சொன்ன விலைக்குள் இந்தக் கூலி ஏற்கெனவே இருக்கிறது, கன்டெய்னர் விலைக்குள் இல்லை. பாதி விலை என்று தோன்றுவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

ஒப்பந்தத்தில் வாடகைக் காலத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். உங்களுக்குத் தேவை 12 நாள். பல ஒப்பந்தங்களில் குறைந்தபட்சம் ஒரு மாத வாடகை உண்டு, ஒரு நாள் தாண்டினாலும் அடுத்த மாத வாடகை முழுதாக விழும். புது வீட்டுச் சாவி தள்ளிப்போவது சாதாரணமாக நடப்பதுதான். அதனால் பெட்டி உங்கள் வாசலுக்கு வரும் நாளில் இருந்து மாதம் எண்ணப்படுகிறதா, கிடங்குக்குப் போகும் நாளில் இருந்தா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தேதியை மாற்றினால் என்ன கட்டணம் என்பதையும் கேளுங்கள்.

இனி எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் விஷயம். 9 வருடம் தனி வீட்டில் இருந்தவர்கள் நீங்கள். அங்கே சேர்ந்தது எல்லாம் அபார்ட்மென்ட்டில் அடங்காது. 16 அடிப் பெட்டிக்குள் இடைவெளி போக ஏறக்குறைய 800 கன அடி சாமான் ஏற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். 7 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரம் உள்ள பழைய சோபா ஒன்று 63 கன அடியை அடைக்கும். உங்கள் மொத்தச் செலவில் ஏறக்குறைய 8 சதவீதம் அந்த ஒரு சோபாவுக்காகவே போகிறது. அந்தத் தொகை கொடுத்து அதே சோபாவை இன்று ஒருவர் விற்றால் வாங்குவீர்களா? மாட்டீர்கள் என்றால் அதை ஏற்றாதீர்கள். புது வீட்டு அறைகளையும், வாசற்கதவின் அகலத்தையும், லிஃப்ட்டின் உள்ளளவையும் அளந்துகொண்டு வந்து, உள்ளே நுழையாத பொருட்களை இங்கேயே விற்றுவிடுங்கள், அல்லது யாருக்காவது கொடுத்துவிடுங்கள். 16 அடிக்குப் பதில் 12 அடிப் பெட்டி போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டால், நீங்கள் பேரம் பேசிக் குறைப்பதைவிட அது அதிகமாக இருக்கும்.

எடையையும் மறக்காதீர்கள். பெட்டியில் இடம் இருக்கும், எடை வரம்பு முடிந்திருக்கும். சின்னப் பெட்டிகளில் ஒரு டன்னைத் தொடாத வரம்பும் உண்டு. ஒன்றரை கன அடி அட்டைப்பெட்டியில் புத்தகம் அடுக்கினாலே 20 கிலோவைத் தாண்டும். வரம்பு மீறினால் தூக்க மறுத்துவிட்டுப் போய்விடுவார்கள், இறக்கிவிட்டு மறுபடி கூப்பிட வேண்டும்.

காப்பீட்டில் ஒரே கேள்வி: "நாங்களே கட்டி நாங்களே ஏற்றிய சாமான் உடைந்தால் பணம் கிடைக்குமா?" பெரும்பாலும் கிடைக்காது. திருட்டு, தீ, தண்ணீர் போன்றவற்றுக்குத்தான் பாதுகாப்பு இருக்கும். பொருளின் எடையை வைத்து இழப்பீடு தரும் திட்டமாக இருந்தால் லேப்டாப் போன்ற எடை குறைந்த, விலை கூடிய பொருளுக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். உங்களிடம் வீட்டுப் பொருள் காப்பீடு இருந்தால் கிடங்கிலும் வழியிலும் அது செல்லுமா என்று கேட்டுவிட்டுத் தனிக் காப்பீட்டைப் பற்றி யோசியுங்கள். நகை, பத்திரம், சான்றிதழ், மருந்து எல்லாம் உங்கள் கையோடு வரட்டும். கேஸ் சிலிண்டர், பெயின்ட், பெட்ரோல் ஏற்றக் கூடாது.

பணத்துக்கு வருகிறேன். கன்டெய்னர் கட்டணத்தின் மேல் இரண்டு பக்கத்துக் கூலி, லிஃப்ட் டெபாசிட், பூட்டு, போர்வை, கயிறு, காப்பீடு எல்லாவற்றையும் கூட்டுங்கள். சாவி தள்ளிப்போனால் கட்ட வேண்டிய இன்னொரு மாத வாடகையையும் ஓரமாக எழுதுங்கள். இந்த மொத்தம் மூவர்ஸ் விலையில் (அவர்கள் 12 நாள் வைத்திருக்கும் கட்டணத்தையும் சேர்த்து) 80 சதவீதத்துக்கு மேல் போனால், நான் மூவர்ஸிடமே கொடுத்துவிடுவேன். மீதி 20 சதவீதத்துக்காக உங்கள் முதுகையும் நான்கு நாள் விடுப்பையும் செலவழிக்க வேண்டாம். 60 சதவீதத்துக்குள் நின்றால் கன்டெய்னரையே எடுங்கள். நடுவில் வந்தால், நிர்வாகம் எழுத்தில் என்ன சொன்னது என்பதே முடிவு செய்யட்டும்.

அவசரச் சேமிப்பில் இருந்து எடுப்பதில் தவறில்லை, ஒரு மாதச் செலவுக்காவது அதில் மிச்சம் இருக்க வேண்டும். கிரெடிட் கார்டில் போடுவதாக இருந்தால், பழைய வீட்டு டெபாசிட் எந்தத் தேதியில் வரும் என்று வீட்டுக்காரர் எழுதித் தந்த பிறகு, அந்தத் தேதி கார்டு பில் கட்டும் நாளுக்கு முன்னால் இருந்தால் மட்டும் போடுங்கள். இந்த டெபாசிட்டைக் காப்பாற்றவும் ஒரு வேலை இருக்கிறது. கன்டெய்னர் பழைய வீட்டு வாசலில் இறங்கும் முன் அந்தத் தரையைப் படம் எடுத்து வையுங்கள், எடுத்துப்போன பிறகும் எடுங்கள். சில டன் எடை நின்ற இடத்தில் ஓடு விரிசல் விட்டிருந்தால் அது புது விரிசலா, பழையதா என்ற பேச்சு கட்டாயம் வரும். பெட்டிக்கு அடியில் வைக்கப் பலகை தருகிறார்களா என்று நிறுவனத்திடம் கேட்டுவிட்டு முன்பணத்தைக் கட்டுங்கள்.