ஸ்கீமா எழுதியும் அடையாள அட்டை இலக்கம் இல்லாத பதிவு உள்ளே வருவது ஏன்?

கேள்வி: சம்மாந்துறையில் எங்கள் கமக்காரர் அமைப்புக்கு உறுப்பினர் பதிவுப் பக்கம் ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன். நோட் ஜேஎஸ்ஸில் (சேர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் மென்பொருள்) எழுதியது, தரவைச் சரிபார்க்க ஏஜேவி என்ற நிரல் தொகுப்பு. ஸ்கீமாவில், அதாவது தரவு எப்படி இருக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லும் விதித் தாளில், பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, காணியின் அளவு எல்லாவற்றையும் போட்டிருக்கிறேன். அப்படியிருந்தும் அடையாள அட்டை இலக்கமே இல்லாத பதிவுகள் தரவுத்தளத்தில் கிடக்கின்றன. ஒரு கணனிக் கடையில் கேட்டால், 'வேலிடேஷன் மொடியூல்' தனியாக வாங்க வேண்டும் என்று விலை சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அவர்கள் விற்கப்போவதும் அநேகமாக உங்களிடம் இருக்கிற அதே ஏஜேவிதான். அது எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பது. இதே வேலையைச் செய்யும் ஸொட் என்ற தொகுப்பும் அப்படித்தான். இலவசச் சாமானுக்கு ஒரு பெயர் வைத்துக் காசு கேட்பவர்கள் மட்டக்களப்பிலும் உண்டு, கல்முனையிலும் உண்டு. பில்லில் 'மொடியூல்' என்று கண்டால், அதற்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் பிழை ஒரே ஒரு வரி. ஸ்கீமாவில் 'புரொப்பர்ட்டீஸ்' என்ற பகுதியில் ஒரு விடயத்தை எழுதினால், அது வந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறீர்கள். வந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல 'ரிக்குவயர்ட்' என்று தனியாக ஒரு பட்டியல் வேண்டும். அது இல்லாவிட்டால் வெறும் ஒப்ஜெக்ட் ஒன்றை, அதாவது ஒரு விபரமும் இல்லாத பதிவை, அனுப்பினாலும் ஏஜேவி "சரி" என்றுதான் சொல்லும். அதில் ஏஜேவியின் குற்றம் எதுவுமில்லை.

அந்தப் பட்டியலைப் போட்டவுடன் பாதிக் கவலை தீரும். மீதிப் பாதிக்குக் காரணம், 'ரிக்குவயர்ட்' பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதுதான். பெட்டியை நிரப்பாமல் அனுப்பினால் வெற்று ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) வரும். பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை, அதுவும் தாண்டிப் போகும். எனவே அடையாள அட்டைக்கு டைப் 'ஸ்ட்ரிங்' என்றும், வடிவத்துக்கு 'பேட்டர்ன்' என்றும் இரண்டையும் எழுதுங்கள். பேட்டர்ன் மட்டும் போதும் என்று விட்டால், யாராவது இலக்கத்தை நம்பராக அனுப்பும்போது அந்த பேட்டர்னை ஏஜேவி தொடவே தொடாது. அது ஸ்ட்ரிங்குக்கு மட்டும் உள்ள விதி. புதிய ஏஜேவி இதைப் பற்றித் திரையில் ஒரு எச்சரிக்கை எழுதிக்கொண்டுதான் இருக்கும், யார் படிக்கிறார்கள்?

இனி பேட்டர்ன். பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் எழுத்தும். 2016இலிருந்து வருகிற புதிய அட்டையில் 12 இலக்கம். இரண்டும் கையில் இருக்கிற ஆட்கள்தான் உங்கள் உறுப்பினர்கள். இரண்டு வடிவத்தையும் நடுவில் 'அல்லது' என்பதற்கான | கோடு போட்டு எழுதுகிறபோது, இரண்டையும் சேர்த்து அடைப்புக்குள் போட்டு, வெளியே முன்னால் தொடக்கத்தைக் குறிக்கும் ^, பின்னால் முடிவைக் குறிக்கும் $ வையுங்கள். அடைப்பை விட்டால் ^ முதல் வடிவத்தை மட்டும் பிடிக்கும், $ இரண்டாவதை மட்டும் பிடிக்கும். "762140987வீ மாமா" என்று யாரோ அடித்ததும் செல்லுபடியாகிவிடும்.

கொஞ்சம் விபரம் தெரிந்தவர்கள் இன்னொரு படி போய், இலக்கத்துக்குள் இருக்கிற பிறந்த நாளையும் சோதிப்பார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வரும். அட்டை இலக்கம் பிறந்த ஆண்டில் தொடங்கும். அதற்குப் பின்னால் வரும் மூன்று இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரி 1இல் பிறந்த ஆணுக்கு 032, பெண்ணுக்கு 532. இது தெரியாமல் "366க்கு மேல் வரக்கூடாது" என்று எழுதி வைத்த பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பெண்ணும் பதிய முடியாது. வீடும் வயலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிற நம் பக்கத்தில், காணிக்குச் சொந்தக்காரியை "தவறான இலக்கம்" என்று சிவப்பு எழுத்தில் திருப்பி அனுப்புகிறது கணனி. அந்த அம்மா தன் அட்டையில்தான் ஏதோ பிழை என்று நினைத்துக் கொண்டு கிராம உத்தியோகத்தரிடம் போவார். 001 முதல் 366 வரை, அல்லது 501 முதல் 866 வரை என்று எழுதுங்கள். முடியாவிட்டால் நாளைச் சோதிக்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

ஒரே ஆள் பழைய இலக்கத்தில் ஒரு தரமும் புதிய இலக்கத்தில் ஒரு தரமும் பதிந்தால் ஸ்கீமாவுக்குத் தெரியாது. சேமிக்க முன் பழையதைப் புதிய வடிவத்துக்கு மாற்றுங்கள். முன்னால் 19 சேர்த்து, நாளுக்குப் பிறகு ஒரு சைபரை நுழைத்து, கடைசி எழுத்தை எடுத்துவிட வேண்டும். 762140987வீ என்பது 197621400987 ஆகும்.

பெயருக்கு ஆங்கில எழுத்துகள் மட்டும் என்று எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய விதி இருந்தால் தூக்கிவிடுங்கள். நீளத்துக்கு எல்லை வைத்தால் தாராளமாக வையுங்கள். 'மட்டக்களப்பு' நம் கண்ணுக்கு 8 எழுத்து, ஏஜேவி 12 என்று எண்ணும். புள்ளியும் உகரக் குறியும் அதற்குத் தனித்தனிதான்.

காணியின் அளவை ஒரே நம்பராக வாங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். உறுதியில் இருப்பது ஏக்கர், றூட், பேர்ச். இரண்டு ஏக்கர் இரண்டு றூட் வைத்திருப்பவர் 2.2 என்று அடிப்பார். நம்பர்தானே, ஸ்கீமா ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஏக்கருக்கு 4 றூட், அது இரண்டரை ஏக்கர். பசளைக் கணக்கில் அவருக்குக் குறையும். காணியை உள்ளே மூன்று பெட்டி உள்ள தனி ஒப்ஜெக்டாக மாற்றுங்கள்: ஏக்கர் முழு எண், றூட் 0 முதல் 3 வரை, பேர்ச் 40க்குக் குறைவு. உள் ஒப்ஜெக்டுக்கும் 'ரிக்குவயர்ட்' தனியாக எழுத வேண்டும், வெளியே எழுதியது உள்ளே இறங்காது.

இதெல்லாம் சேர்வரில் நடக்க வேண்டும். பிரவுசரில் வைக்கும் சோதனை ஆட்களுக்கு உதவி மட்டுமே, அதைத் தாண்டி நேரே தரவை அனுப்புவது பெரிய வித்தையில்லை. அப்புறம், உறுப்பினர்களின் உண்மையான விபரத்தை இணையத்தில் கிடைக்கிற இலவசச் சோதனைப் பக்கங்களில் ஒட்டிப் பார்க்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சும்மா வந்ததல்ல. பொய்யான பெயரும் இலக்கமும் அடித்துச் சோதியுங்கள்.

கடைசியாக, அலுவலகத்தில் இருந்து வருகிற எக்செல் தாள். மேசைக்கு மேசை கணனி கொடுத்திருக்கிறார்கள், பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்ற ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 12 இலக்க அடையாள அட்டை 1.98E+11 என்று சுருங்கும், 067இல் தொடங்கும் தொலைபேசியின் முன் சைபர் காணாமல் போகும். அதை அப்படியே சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) சேமித்தால் இலக்கங்கள் போனது போனதுதான். உங்கள் பேட்டர்ன் அவற்றைத் திருப்பி அனுப்பும், அது சரியான வேலை. கோப்பு உள்ளே போகவேண்டும் என்பதற்காக விதியைத் தளர்த்தாதீர்கள். மூல எக்செல் இருந்தால் அடையாள அட்டைப் பத்தியைத் தசமம் இல்லாத 'நம்பர்' ஆக்கி மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உறுப்பினர்களின் அட்டையைப் பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.